முதலில் கேம் பெயரைச் சொல், பிறகு லேப்டாப் பார்க்கலாம்

அம்மா: குடும்பக் குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்குக் கல்லூரி தொடங்கப்போகிறது, லேப்டாப் வாங்க வேண்டும். செலவு கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். படிப்புக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தான். இப்போது கேமும் ஓட வேண்டும் என்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாமா: யோசிக்கவே வேண்டாம், இன்டெல் ஐ7 பிராசஸர் உள்ளதை வாங்கிவிடுங்கள். பிராசஸர்தானே லேப்டாப்பின் மூளை. படிப்பு முடியும்வரை கவலை இல்லை.

அக்கா: மாமா, கொஞ்சம் பொறுங்கள். ஐ7 என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் பணம் தவறான இடத்தில் போய்ச் சேரும். கோர் ஐ7 1255யு என்று ஒன்று இருக்கிறது. அது 15 வாட் மின்சாரத்தில் வேலை செய்ய உருவாக்கப்பட்டது. கோர் ஐ5 12450எச் என்பது 45 வாட்டுக்கானது. நீண்ட நேரம் கடினமான வேலை கொடுத்தால் அந்த ஐ5தான் தாக்குப்பிடிக்கும். கடைசியில் வரும் யு, எச் என்ற எழுத்துகளை யாரும் கவனிப்பதே இல்லை.

மாமா: அப்படியா? எனக்கு இது தெரியாது. இரண்டும் ஒரே தலைமுறையா?

அக்கா: ஒரே தலைமுறைதான் மாமா, இரண்டுமே 12ஆவது.

அக்கா: கண்ணா, நீ முதலில் இரண்டு விஷயம் சொல். என்ன படிக்கப்போகிறாய்? எந்தெந்த கேம்?

நான்: கணினி அறிவியல், அக்கா. வாலரன்ட், மைன்கிராஃப்ட், ஜிடிஏ 5. முடிந்தால் சைபர்பங்க் 2077.

அக்கா: முதல் மூன்றும் ஒரு வகை, கடைசியில் சொன்னது வேறு வகை. விலையைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒன்றுதான்.

அம்மா: எனக்கும் புரியும்படி சொல்லம்மா. பணம் கொடுக்கப்போவது நான்.

அக்கா: சொல்கிறேன் சித்தி. திரையில் படத்தை வரைந்து காட்டும் வேலையை கிராபிக்ஸ் சிப் செய்கிறது. விலை குறைந்த லேப்டாப்களில் அது பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும். கேமிங் லேப்டாப் என்று விற்பவற்றில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும். விலையும் எடையும் சூடும் கூடுவது அந்தக் கார்டினால்தான். உள்ளேயே இருக்கும் சிப் போதுமென்றால் பெரிய தொகை மிச்சம்.

அக்கா: வாலரன்ட் 2020இல் வந்தது. அதற்கு அந்த நிறுவனம் கேட்கும் குறைந்தபட்ச கிராபிக்ஸ் இன்டெல் எச்டி 4000. அது 2012ஆம் ஆண்டுச் சரக்கு. ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015இல். மைன்கிராஃப்டும் பழையதுதான். இவற்றுக்கெல்லாம் இன்றைய நல்ல உள் கிராபிக்ஸ் போதும். அமைப்புகளைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

நான்: சைபர்பங்க்?

அக்கா: அதன் 2.0 பதிப்புக்குப் பிறகு தேவைகளை உயர்த்திவிட்டார்கள். 12 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் நினைவகம்), எஸ்எஸ்டியில் (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான வட்டு) 70 ஜிபி இடம், 6 ஜிபி நினைவகம் உள்ள ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. இதெல்லாம் குறைந்தபட்சம். தனிக் கார்டு இல்லாமல் அதை வாங்கினால் வருத்தம்தான் மிஞ்சும்.

அம்மா: இந்த விளம்பரம் எப்படி இருக்கிறது? ரைசன் 5 7520யு, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. ரைசன் 7000 வரிசை, புதியது என்று போட்டிருக்கிறது. விலையும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்கா: சித்தி, தயவுசெய்து இதை எடுக்காதீர்கள். இவன் தேவைக்கு இது பொருந்தாது.

அம்மா: ஏன்? 7000 வரிசை நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

அக்கா: ரைசன் என்பது ஏஎம்டி நிறுவனத்தின் பிராசஸர். அந்த நான்கு இலக்கங்களில் முதல் இலக்கம் எந்த ஆண்டின் வரிசை என்று சொல்கிறது. உள்ளே இருக்கும் கட்டமைப்பு எவ்வளவு புதியது என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520இல் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2. அது 2019இல் அறிமுகமான கட்டமைப்பு. வேலை செய்யும் மையங்கள், அதாவது கோர், நான்குதான். கிராபிக்ஸ் ரேடியான் 610எம், அதில் கணக்கிடும் அலகுகள் இரண்டே இரண்டு. இதன் ரேம் உள்ளே இருக்கும் மின்பலகையோடு பற்றவைக்கப்பட்டது, 8 ஜிபி போதாது என்று தோன்றும்போது கூட்ட வழியே இல்லை. கட்டுரை எழுத, வகுப்பு பார்க்க, இணையம் பார்க்க இது தாராளம். பாட்டிக்கு வாங்குவதானால் நானே இதைச் சொல்வேன்.

பாட்டி: எனக்கு இந்தப் போனே போதும் கண்ணு. அவனுக்கு நல்லதாகப் பாருங்கள்.

அக்கா: இதே 7000 வரிசையில் ரைசன் 5 7535எச்எஸ் இருக்கிறது. மூன்றாவது இலக்கம் 3, ஆறு கோர். கிராபிக்ஸ் ரேடியான் 660எம், ஆறு அலகுகள். ரைசன் 7 7735எச்எஸ் கிடைத்தால் 680எம், பன்னிரண்டு அலகுகள். அட்டைப்பெட்டியின் முகப்பில் எல்லாமே ரைசன் 7000தான். உள்ளே இவ்வளவு தூரம்.

மாமா: வாங்குகிறவர்கள் இதையெல்லாம் எப்படித் தெரிந்துகொள்வார்கள்? கொஞ்சம் நியாயமில்லாமல் இருக்கிறதே.

அக்கா: எனக்கும் அந்தக் கோபம் உண்டு மாமா. அதனால்தான் பிராசஸரின் முழு எண்ணையும் வாங்கிக்கொண்டுதான் பேச வேண்டும் என்கிறேன். "ரைசன் 5", "ஐ5" என்று மட்டும் போட்டிருக்கும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

தம்பி: அக்கா, ரேம் பற்றியும் சொல். என்னுடையதில் முதலில் ஒரே ஒரு 8 ஜிபிதான் இருந்தது. இன்னொரு 8 ஜிபி போட்ட பிறகு மைன்கிராஃப்ட் திக்குவது நின்றுவிட்டது. நான் வேறு எதையும் மாற்றவில்லை.

அக்கா: நல்ல நேரத்தில் சொன்னாய். எல்லோரும் இதைக் கவனமாகப் படியுங்கள். உள் கிராபிக்ஸுக்கு என்று தனி நினைவகம் கிடையாது. ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. எனவே 8 ஜிபி என்றால் கேமுக்கு முழு 8 ஜிபி கிடைக்காது. அதோடு ஒரே ரேம் சில்லு இருந்தால் தகவல் ஒரு வாசல் வழியாகப் போய்வருகிறது. இரண்டு சில்லு போட்டால் வாசல் இரண்டு. கேமில் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

அக்கா: இன்டெலின் வலுவான உள் கிராபிக்ஸான ஐரிஸ் எக்ஸ்இ உள்ள லேப்டாப்பில் ஒற்றை ரேம் மட்டும் இருந்தால், விண்டோஸ் அதை ஐரிஸ் எக்ஸ்இ என்றே காட்டாது. வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் என்று காட்டும். இரண்டாவது ரேமைப் போட்டதும் பெயர் மாறும், வேகமும் மாறும்.

நான்: அப்படியானால் நான் பார்த்து வைத்திருக்கும் ஐ5 12450எச்? எச் வகை நல்லது என்று மேலே சொன்னாயே.

அக்கா: பிராசஸர் நல்லது. ஆனால் அதில் ஐரிஸ் எக்ஸ்இ கிடையாது, அதைவிடச் சிறிய யுஎச்டிதான். தனிக் கார்டோடு சேர்த்து விற்பதற்காக வந்த பிராசஸர் அது. தனிக் கார்டு இல்லாமல் அதை எடுத்தால் நிரல் எழுத வேகமாக இருக்கும், கேமுக்கு இளைக்கும்.

நான்: தனிக் கார்டோடு ஒன்று இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 2050, 4 ஜிபி. 3050ஐவிட விலை குறைவு.

அக்கா: 2050க்கும் 3050க்கும் ஒரு படி என்று எண் பார்த்து நினைத்துக்கொள்ளாதே. 2050இல் நினைவகத்துக்குப் போகும் பாதையின் அகலம் 64 பிட். 4 ஜிபி 3050இல் அது 128 பிட். 3050க்குள்ளேயும் எல்லாம் ஒன்றில்லை. அதே பெயர் கொண்ட கார்டை 35 வாட் முதல் 80 வாட் வரை வெவ்வேறு அளவில் பொருத்துகிறார்கள். மெல்லிய லேப்டாப்பில் 35 வாட் கொடுத்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3050 என்று ஒட்டியிருப்பார்கள். வாட் எவ்வளவு என்று விவரக்குறிப்பில் தேடு. போடவில்லையென்றால் விற்பவரிடம் எழுத்தில் கேள்.

நான்: சைபர்பங்குக்கு 3050 போதுமா?

அக்கா: 4 ஜிபி 3050, அவர்கள் கேட்கும் 6 ஜிபியைத் தொடவில்லை. 6 ஜிபி 3050 இருக்கிறது, 4050 இருக்கிறது. அதுவும் 6 ஜிபிதான், ஆனால் நல்ல வேகம். அங்கிருந்துதான் அந்த வகை கேமுக்கு அர்த்தம் இருக்கிறது என்பது என் கருத்து.

அம்மா: அந்த விலையைப் பார்த்தேன். நம்மால் முடியாது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான்: பரவாயில்லை அம்மா.

அக்கா: அப்படியென்றால் நடுவில் நிற்க வேண்டாம் சித்தி. 6 ஜிபி கார்டுக்குப் பணம் எட்டாதபோது 2 ஜிபி, 4 ஜிபி கார்டு உள்ள பழைய மாடலைத் துரத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்றே திணறும் கார்டு, படிப்பு முடியும்வரை கூட வராது. கனமான லேப்டாப்பையும் அதன் கனமான சார்ஜரையும் இவன் தினமும் தோளில் சுமக்க வேண்டும். வகுப்பில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அதைவிட நல்ல உள் கிராபிக்ஸ், 16 ஜிபி ரேம், நல்ல திரை. கணினி அறிவியல் மாணவனுக்கு 16 ஜிபி எப்படியும் வேண்டும். மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றையும் உலாவியையும் சேர்த்துத் திறந்தாலே 8 ஜிபி மூச்சு வாங்கும்.

மாமா: என் நண்பர் அலுவலகத்தில் பழைய லேப்டாப்களைக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறார்கள். திங்க்பேட், லேட்டிட்யூட் எல்லாம் இருக்கிறது. பார்க்கலாமா?

அக்கா: படிப்புக்கு மட்டும் என்றால் மிக நல்ல யோசனை மாமா. உறுதியான உடல், அருமையான விசைப்பலகை, திறந்து பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தையது வேண்டாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11க்கு 8ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் தேவை. விண்டோஸ் 11இல் வாலரன்ட்டும் டிபிஎம்மையும் கணினி தொடங்கும்போதே சரிபார்க்கும் செக்யூர் பூட்டையும் கேட்கிறது, அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளுக்காக. மற்றபடி அந்த வயது லேப்டாப்பில் உள் கிராபிக்ஸ் மிகவும் மெலிந்தது.

தம்பி: மேக்புக்?

அக்கா: வாலரன்ட் மேக்கில் ஓடாது. அதனால் இவனுக்கு இல்லை.

நான்: விண்டோஸ் இல்லாமல் விற்கிறார்களே, அது விலை குறைவு. இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமா? கல்லூரியிலும் லினக்ஸ் வரும்.

அக்கா: லினக்ஸ் கற்றுக்கொள், அவசியம் கற்றுக்கொள். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் உள்ள ஏராளமான விண்டோஸ் கேம்கள் இப்போது புரோட்டான் என்ற மென்பொருள் வழியாக லினக்ஸிலும் ஓடுகின்றன. ஆனால் வாலரன்ட் ஓடாது. விண்டோஸோடு வாங்கி, பக்கத்தில் லினக்ஸுக்கும் இடம் ஒதுக்கு. அதற்காகவும் கேமுக்காகவும் 512 ஜிபிக்குக் கீழே போகாதே. கவுன்டர் ஸ்டிரைக் 2 மட்டுமே 85 ஜிபி கேட்கிறது. 64 ஜிபி, 128 ஜிபி இஎம்எம்சி என்று போட்டிருந்தால் அது எஸ்எஸ்டி இல்லை, வேகமும் இருக்காது, அப்படியே கடந்து போய்விடு.

அம்மா: திரை என்றாயே, அதில் என்ன பார்ப்பது?

அக்கா: ஐபிஎஸ் வகைத் திரை என்று இருக்க வேண்டும் சித்தி. டிஎன் வகைத் திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் மாறிவிடும். வெளிச்சம் 250 நிட்ஸ் என்றால் அறைக்குள் சமாளிக்கலாம், ஜன்னல் ஓரம் மங்கலாகத் தெரியும். 300 கிடைத்தால் நல்லது. நாள் முழுக்க அவன் கண் பார்க்கப்போவது இதைத்தான். 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறும் திரைக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். உள் கிராபிக்ஸால் பெரிய கேம்களில் அந்த வேகத்தைத் தர முடியாது.

அம்மா: ஒன்று கேட்கட்டுமா? கேம் ஓடும் லேப்டாப் வாங்கிக் கொடுத்தால் படிப்பு கெட்டுவிடாதா? இரவெல்லாம் அதுதான் யோசனை.

அக்கா: கேம் ஓடாத லேப்டாப் வாங்கினால் இவன் போனில் விளையாடுவான் சித்தி. விளையாட்டின் மேல் உள்ள ஆசைதான் இவனைக் கணினி அறிவியல் பக்கம் அழைத்து வந்தது. நேரத்தை நீங்களும் அவனும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதை லேப்டாப்பின் பலவீனத்திடம் ஒப்படைக்க வேண்டாம்.

பாட்டி: சரியாகச் சொன்னாள்.

நான்: அக்கா, இதைப் பார். ரைசன் 5 7535எச்எஸ், ரேடியான் 660எம், 16 ஜிபி டிடிஆர்5 ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் 300 நிட்ஸ், விண்டோஸ் 11. எடை 1.6 கிலோ. அம்மா சொன்ன தொகைக்குள் வருகிறது.

அக்கா: நன்றாக இருக்கிறது. இன்னும் ஒன்று மட்டும் தெரிய வேண்டும். 16 ஜிபி என்பது ஒரே சில்லா, இரண்டு 8 ஜிபியா? ரேம் செருகும் இடம் எத்தனை?

நான்: கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரட்டும்.

மாமா: நான் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். என் மகளுக்கு வாங்கும்போதும் இந்த உரையாடலைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

நான்: பதில் வந்துவிட்டது. இரண்டு இடம், இரண்டிலும் 8 ஜிபி இருக்கிறதாம். பிறகு கழற்றி 32 ஜிபி வரை போடலாமாம்.

அக்கா: அப்படியானால் எடுத்துவிடுங்கள். சித்தி, பணம் கட்டும்முன் திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா: பத்து நாள் என்று இருக்கிறது. ஆர்டர் போட்டுவிட்டேன்.

அக்கா: கண்ணா, வந்த அன்றே செய்ய வேண்டியது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திற, மெமரி பகுதிக்குப் போ. அங்கே எத்தனை இடம் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும், இரண்டில் இரண்டு என்று இருக்க வேண்டும். பிராசஸரின் முழு எண்ணையும் ஒப்பிடு. முழுத் திரையையும் வெள்ளையாக்கி, கறுப்பாக்கி, ஒளிராத செத்த புள்ளி இருக்கிறதா பார். பிறகு சார்ஜரைச் செருகிக்கொண்டு வாலரன்ட்டை அரை மணி நேரம் ஓட்டு. தொடக்கத்தில் இருந்த வேகம் கடைசியிலும் இருக்கிறதா என்று கவனி. சூடு தாங்காவிட்டால் பிராசஸர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசை மேல் வைத்து விளையாடு, மெத்தை மேல் வைத்தால் அடியில் காற்று போகும் வழி அடைபடும்.

நான்: சரி அக்கா. ஜிடிஏ 5 வாங்கி ஓடாவிட்டால்?

அக்கா: ஸ்டீமில் வாங்கு. வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். ஓடும், பயப்படாதே. பின்னால் சைபர்பங்க் ஆசை போகவில்லையென்றால் ஜிஃபோர்ஸ் நவ் போன்ற சேவையில் இணையம் வழியாக விளையாடலாம். கேம் அவர்களுடைய கணினியில் ஓடும், படம் மட்டும் உன் திரைக்கு வரும். வீட்டு இணையம் சீராக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

தம்பி: அண்ணா, வந்ததும் மைன்கிராஃப்டில் சேர்ந்து விளையாடலாம். நான் ஒரு உலகம் கட்டி வைத்திருக்கிறேன்.

நான்: கட்டாயம். டாஸ்க் மேனேஜர் படத்தை முதலில் இங்கே போடுகிறேன், அக்கா பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு வருகிறேன்.