பல்பின் மின்தடை: சாய்வா, வகுத்து வரும் மதிப்பா? விளக்க உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஓம் விதியைச் செய்து காட்டுவதற்காக, வீட்டு மின்சாரத்தின் பக்கமே போகாமல், கார் இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட், 21 வாட் இழை பல்பு ஒன்றை, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள டிசி பவர் சப்ளையில் இணைத்து அளந்தோம். 2 வோல்ட்டில் 0.65 ஆம்பியர் ஓடியது. மின்தடை ஏறத்தாழ 3.1 ஓம், திறன் 1.3 வாட். 6 வோல்ட்டில் 1.2 ஆம்பியர், அதாவது 5 ஓம், 7.2 வாட். 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர்; மின்தடை 6.86 ஓம், திறன் பல்பில் பொறித்திருக்கும் அதே 21 வாட்.

சூடேறச் சூடேற டங்ஸ்டன் இழையின் மின்தடை உயர்வதை மாணவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு மாணவி, மின்னழுத்தம்-மின்னோட்டம் வரைபடத்தில் 6 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் இடைப்பட்ட சாய்விலிருந்து, மின்னழுத்த வேறுபாடான 6-ஐ மின்னோட்ட வேறுபாடான 0.55-ஆல் வகுத்து 10.9 ஓம் என்று எழுதியிருக்கிறாள். அதை 12 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு பெருக்கினால் 33 வாட்டுக்கு மேல் வருவதால், திறனுக்கு அது பொருந்தாது என்பதைக் காட்டிவிட்டேன். எனினும், சாய்வு உண்மையில் எதைக் குறிக்கிறது என்பதை, நுண்கணிதம் படிக்காதவர்களுக்கு எப்படி விளக்கலாம்?

இன்னொன்று: குளிர்ந்த இழையின் மின்தடை ஒரு ஓமுக்கும் குறைவு என்பதால், மல்டிமீட்டர் வயர்களின் தடையும் சேர்ந்தே காட்டுகிறது. 0.1 ஆம்பியரை மட்டும் செலுத்தி, பல்பின் முனைகளிலேயே மின்னழுத்தத்தை அளந்தால் போதுமா, அல்லது அந்தச் சிறு மின்னோட்டமே இழையைச் சூடாக்கிவிடுமா? ஆய்வகத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அளவீடுகளோடு பதிலளித்தால் மிகவும் உதவியாக இருக்கும்.