டெக்னிக்கல் டெப்ட்டை முதலாளிக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

வண்ணை_டெவலப்பர்:
பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். 2017 ஜூலையில ஜி.எஸ்.டி. வந்தப்போ அவசரமா எழுதின பி.எச்.பி. கோடு. 2025 செப்டம்பர் 22-ல வரி மாறினப்போ ஒரே நாள்ல முடியும்னு நெனச்ச வேலை வாரக்கணக்கா இழுத்துச்சு. இப்படி அவசரக் கோடு பின்னாடி கடன் மாதிரி ஏத்தி விடற வேலையைத்தான் டெக்னிக்கல் டெப்ட்ங்கறாங்க. சரிபண்ண டைம் கேட்டா, "நல்லாத்தானே ஓடுது, எதுக்குக் கை வைக்கிற?"ங்கறாரு முதலாளி.

ராயபுரம்காரன்:
தம்பி, "கோடு அசிங்கமா இருக்கு"ன்னு சொன்னா அவர் காதுல ஏறாது. காசுக் கணக்காச் சொல்லு. டெக்னிக்கல் டெப்ட்ங்கற உவமையைக் கொண்டு வந்த புரோகிராமர் வார்ட் கன்னிங்ஹாமும் முதலீட்டுக் கணக்கு சாஃப்ட்வேர் பண்ணும்போது தன் மேலதிகாரிக்கு இதைக் கடன்னுதான் விளக்கினாரு. 1992-ல கட்டுரையாவும் எழுதினாரு. கடன் வாங்குறது தப்புன்னு அவர் சொல்லலை.

நம்ம ஏரியா தண்டல் (தினம் வசூலிக்கிற வட்டிக் கடன்) மாதிரிதான் இது. தினம் கட்டிட்டு வந்தா வியாபாரம் ஓடும், விட்டா வர்றதெல்லாம் வட்டிக்கே போயிடும். 2017-ல அவசரமா எழுதினதுல குத்தமே இல்லை, ஜூலை 1-ந் தேதி கடையில பில் போட்டாகணுமே! அதுக்கப்புறம் யாரும் அசலைத் தொடலை, அதாவது அந்தக் கோடைச் சரிபண்ணலை, அதான் வினை.

கோடுல 1000-ங்கற நம்பரைத் தேடிப் பாரு. ஆயிரம் ரூபா வரைக்கும் 5 சதவீதம், மேல போனா 12-ன்னு பில்லுல ஒரு இஃப் கண்டிஷன், திரும்பி வர்ற சரக்குக்கு ஒண்ணு, மாச ரிப்போர்ட்ல ஒண்ணு இருக்கும். இப்ப 2,500 வரைக்கும் 5, அதுக்கு மேல 18. நம்பரை மட்டும் மாத்தினா என்ன ஆகும்? செப்டம்பர் 20-ல 1,500 ரூபாய்க்கு 12 சதவீதத்துல வித்த சட்டை 25-ந் தேதி திரும்பி வந்தா, கிரெடிட் நோட்ல (சரக்கு திரும்பினா கடை போடற சீட்டு) 5 விழும். வாங்கின 12-தான் திரும்பணும். இதை முதலாளிக்கு ஸ்க்ரீன்லயே காட்டு. வரியை ஒரே டேபிள்ல, எந்தத் தேதியிலிருந்துன்னு போட்டு வச்சிருந்தா அன்னிக்கு டேபிள்ல ரெண்டு ரோ சேர்த்தாலே வேலை முடிஞ்சிருக்கும்.

பெரம்பூர்_டெஸ்டர்:
மொத்தத்தையும் புதுசா எழுதறேன்னு மட்டும் கேட்டுடாதீங்க. பழைய பில்லுங்களை எடுத்து, இப்ப வர்ற தொகையை அப்படியே டெஸ்ட்டா எழுதி வைங்க, கோடை மாத்தினப்புறமும் அதே தொகை வருதான்னு பாக்கலாம். அப்புறம் வரி கணக்கை மட்டும் தனியா பிரிங்க. மத்ததுக்கு அடுத்து கை வைக்கும்போது பாத்துக்கலாம்.

வண்ணை_டெவலப்பர்:
டெஸ்ட் சர்வர்ல போட்டுப் பாத்தேன் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே 5-தான் விழுது. நாளைக்கு அவர்கிட்ட காட்டறேன். டேபிள்ல முடியற தேதியும் வேணுமா?

ராயபுரம்காரன்:
ஆரம்பத் தேதி போதும். பில் தேதி வரைக்கும் இருக்கற ஆரம்பத் தேதிகள்ல கடைசியா வர்றதோட வரி சதவீதத்தை எடு. திரும்பி வர்ற சரக்குக்கு மட்டும் பழைய பில்லோட தேதியைக் கொடு.