சலாசியின் அடியில் உள்ள வெப்பத்தை மின்சாரமாக்க முடியுமா?

கேள்வி (சான்-அந்த்ரே வாசகர்)
வணக்கம். எங்கள் ஊர்ப் பக்கத்திலுள்ள புவா-ரூஜ் மின் நிலையத்தில் அறுவடைக் காலத்தில் கரும்புச் சக்கையையும், மற்ற மாதங்களில் கப்பலில் வந்திறங்கும் மரத்தூள் கட்டிகளையும் எரிக்கிறார்கள். ரீயூனியன் என்ற எரிமலைத் தீவில் வாழ்ந்துகொண்டு எரிபொருளைக் கடல் கடந்து வரவழைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆழத்துப் பாறையில் கீறல் உண்டாக்கி, அதில் நீரைச் செலுத்தி மின்சாரம் எடுக்கும் முறை இங்கே ஏன் வரவில்லை?

மறுமொழி 1 (நிலவியல் படித்தவர், சான்-தெனி)
ஐயா, இங்கே வெப்பத்துக்குக் குறைவில்லை. 1985இல் தீவின் கிழக்கில் எரிமலைச் சரிவான கிரான் ப்ரூலேயில் 3,003 மீட்டர் வரை துளையிட்டார்கள். மலைகள் சூழ்ந்த பள்ளமான சலாசியிலோ சுமார் 2,100 மீட்டரிலேயே ஏறத்தாழ 190 பாகை செல்சியஸ் வெப்பம் இருந்தது. ஆனால் அங்கே நீர் ஓடிவர வழியில்லை. மாட் ஆற்றுப் படுகையில் கிடக்கும் பழைய எரிமலைக் கல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: குழிகளிலும் கீறல்களிலும் வெள்ளை வெள்ளையாக ஜியோலைட் என்ற கனிமம் அடைத்திருக்கும். வெந்நீர் தான் ஓடிய வழியைத் தான் கொண்டுவந்த கனிமத்தாலேயே மூடிவிட்டது.

அடைபட்ட அந்த வழியைத் திறப்பதற்கானதே நீங்கள் கேட்கும் முறை. மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்தினால் பழைய கீறலின் இரு முகங்களும் சற்றே வழுக்கி நகரும். அவை கரடுமுரடானவை என்பதால் மீண்டும் முன்போல் பொருந்தாமல் இடைவெளி நிலைத்துவிடும். ஒரு கிணற்றில் இறக்கிய நீர் அங்கே சூடேறி மற்றொரு கிணற்றின் வழியே மேலே வரும். பிரான்சின் சுல்ட்ஸ்-சூ-ஃபொரேயில் 5,000 மீட்டர் ஆழத்துக் கிரானைட்டில் 200 பாகை வெப்பம் கிடைத்தும், மின்திறன் இரண்டு மெகாவாட்டை எட்டவில்லை. கரீபியன் தீவான குவாதலூப்பின் புயாந்த்தில் இயற்கையே கீறலையும் நீரையும் தந்திருப்பதால் சுமார் 15 மெகாவாட் வருகிறது.

மறுமொழி 2 (எல்-பூர் வாசகி)
அண்ணா, பாறை வழுக்குவதைத்தானே நிலநடுக்கம் என்கிறோம்? சுவிட்சர்லாந்தின் பாசலில் இப்படி நீரைச் செலுத்தியதால் 2006 டிசம்பரில் 3.4 அளவு நடுக்கம் ஏற்பட்டபின் திட்டத்தையே கைவிட்டார்கள். இதே முறையைச் சோதித்த தென் கொரியாவின் போஹாங்கில் 2017இல் 5.5 அளவு நடுக்கம் வீடுகளைச் சிதைத்தது. எங்கள் சலாசியில் 1875இல் மலை சரிந்து கிரான் சாப்ள் குடியிருப்பே புதைந்தது. பெருமழை இரவுகளில் கல் உருளும் ஓசை கேட்டால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம்.

மறுமொழி 3 (மறுமொழி 1 எழுதியவர்)
உங்கள் அச்சம் முற்றிலும் நியாயமானது, சகோதரி. பாசலில் நகரத்திற்கு நேர் கீழேயே நீரைச் செலுத்தினார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் கிடைமட்டக் கிணற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறிது சிறிதாகக் கீறலைத் திறந்து, 2023இல் சோதனையில் 3.5 மெகாவாட் காட்டினார்கள். என்றாலும் சரிவான சலாசியில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். ஆளில்லாத எரிமலைச் சமவெளியான பிளேன் தே சாப்ளோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 2010 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பகுதியும்கூட. எனவே, புதிதாகப் பிளப்பதற்கு முன், தானாகவே கீறலும் நீரும் அமைந்த இடம் ஏதேனும் உண்டா என்று தீவின் மற்றொரு மலைப் பள்ளமான சிலாவோஸின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து தேடத் தொடங்கலாம்.