மறுமொழி: ‘ஓவர்லே’வுக்குத் தமிழ் – மேலடுக்கா, பந்தலா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையைப் பாலக்காட்டு எல்லையோரக் கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்து படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். ‘மேலடுக்கு’ என்று முடிவாகிவிடும் போலிருக்கிறது, அதனால் இப்போது வாயைத் திறக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரிய பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளைச் சுற்றுச்சூழல் கெடாமல் நடத்தத் திட்டமிடுவது எப்படி என்ற கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். 2030 காமன்வெல்த் விளையாட்டு அகமதாபாத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பேச்சு இனி நம் செய்தித்தாள்களிலும் அடிபடும். கையேட்டில் பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல் ஓவர்லே. இருக்கிற மைதானத்திலோ வெற்றிடத்திலோ போட்டிக்கென்று கொண்டுவந்து பொருத்தி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு போகும் சாமான் அத்தனைக்கும் அதுதான் பெயர். கூடாரம், படிப்படியான இருக்கை, வேலி, ஜெனரேட்டர், கேபிள், கழிப்பறை எல்லாம் அதில் சேர்த்தி. ‘மேலடுக்கு’ என்று சொன்னவர் இந்த இழையில் எழுதியது:

> மேலே போடப்படுவதால் மேலடுக்கு. கணினி வரைபடங்களில் ஏற்கெனவே புழங்குகிறது, புதிதாக உருவாக்க வேண்டியதில்லை.

வரைபடத்துக்குச் சரி. அங்கே ஓர் அடுக்கின் மேல் இன்னொன்று உட்காருகிறது, அவ்வளவுதான். ஆனால் விளையாட்டு ஏற்பாட்டாளருக்கு இந்தச் சொல்லின் உயிர் ‘மேலே’ என்பதில் இல்லை, ‘எடுத்துவிடுவோம்’ என்பதில் இருக்கிறது. மேலடுக்கு என்று படிக்கிறவருக்கு அது எடுக்கப்படும் என்று எப்படித் தெரியும்? வீட்டு மாடியில் போட்ட மேலடுக்கை யாராவது எடுக்கிறார்களா?

‘தற்காலிகக் கட்டமைப்பு’ என்று ஒருவர் சொல்லியிருந்தார். பொருள் சரி. ஆனால் நம் ஊரில் ‘தற்காலிக’ என்ற சொல் கெட்டுப்போய்விட்டது. தற்காலிகப் பேருந்து நிலையத்தில் நின்று வளர்ந்த தலைமுறை நாங்கள்.

என் முன்மொழிவு: பந்தல்.

எங்கள் பள்ளி தமிழ்வழிப் பள்ளி. சில வருஷங்களுக்கு முன் வட்டார அளவில் ஒரு விளையாட்டு விழா எங்கள் மைதானத்தில் நடந்தது. பந்தல்காரரிடம் பேசும் பொறுப்பு எனக்கு. எத்தனை அடி, எத்தனை சேர் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். அவர் போனை எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், என்னைக்குங்க பிரிக்கோணும்?” எனக்கு ஆச்சரியம். போடுவது பற்றிக் கேட்கவேயில்லை. அப்புறம்தான் புரிந்தது: அவர் பைப்புக்கும் தகரத்துக்கும் அடுத்த வாரம் வேறொரு கல்யாண வீடு காத்திருக்கிறது. பிரிக்கும் நாள் தெரிந்தால்தான் போடவே ஒத்துக்கொள்வார். விழா முடிந்த மறுநாள் காலை பையன்கள் வருவதற்குள் லாரி கிளம்பிவிட்டது. மண்ணில் கால் ஊன்றிய குழிகள் மட்டும் வரிசையாக இருந்தன. அவற்றையும் ஓர் ஆள் மண்வெட்டியால் மூடிக்கொண்டிருந்தார். ஓட்டப்பந்தயக் குழந்தை கால் மாட்டிக்கொள்ளக் கூடாதாம்.

இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமென்றால் நெம்மாறைக்கு வாருங்கள். பங்குனியில் நெம்மாறை-வல்லங்கி வேலா, எங்கள் பாலக்காட்டுப் பக்கத்துக் கோயில் திருவிழா (தமிழில் ‘வேலை’ என்று எழுதினால் ஆபீஸ் ஞாபகம் வருகிறது, அதனால் வேலா). இரண்டு ஊரும் போட்டி போட்டு ஆனைப் பந்தல் எழுப்பும். அத்தனை உயரத்துக்கும் விளக்கு. முடிந்ததும் பிரித்துவிடுவார்கள், அடுத்த வருஷம் மறுபடி கால்நாட்டு. பந்தல் என்ற சொல்லுக்குள்ளேயே பிரிப்பு இருக்கிறது.

இனி கையேட்டு விஷயத்தில் வைத்துப் பார்ப்போம்.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் போட்டி நடந்த இடங்களில் 95 விழுக்காடு ஏற்கெனவே இருந்தவை அல்லது பந்தல். ஈபிள் கோபுரத்தடியில் கடற்கரைக் கைப்பந்து நடந்ததே, அது அப்பட்டமான பந்தல். லாஸ் ஏஞ்சலஸ் 2028-க்கு நிரந்தர அரங்கம் எதையும் புதிதாகக் கட்டுவதில்லை என்று சொல்லியிருக்கிறது. சிமெண்டும் இரும்பும்தான் இதற்குக் காரணம். இரண்டு வார விளையாட்டுக்காக ஐம்பது வருஷக் கட்டடம் எழுப்பினால், திறப்பு விழாவுக்கு முன்பே கரிக்கணக்கில் (எவ்வளவு கரியமிலவாயு வெளியேறியது என்ற கணக்கில்) பெரும்பகுதி ஏறிவிடுகிறது.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக்கு 974 கப்பல் கன்டெய்னர்களை வைத்து ஓர் அரங்கம் கட்டினார்கள். 974 அந்த நாட்டின் தொலைபேசிக் குறியெண்ணும்கூட. உலகக் கோப்பையில் முழுதாகப் பிரிக்கக்கூடிய அரங்கம் அதுதான் முதல். கடலோரக் காற்றை நம்பிக் குளிர்சாதனம் இல்லாமல் விட்டதால் ஆட்டங்களை மாலைக்கு மேல்தான் வைத்தார்கள். முடிந்ததும் பிரிப்போம் என்றார்கள். 2024 டிசம்பரிலும் அங்கே பன்னாட்டுக் கால்பந்து நடந்தது. பிரிக்காத பந்தலை என்னவென்று சொல்வது? நின்று பயன்பட்டால் கெடுதல் இல்லைதான். ஆனால் ‘பிரிப்போம்’ என்ற வார்த்தைக்காக வாங்கிய பாராட்டு தனிக் கணக்கு.

அதே போட்டியில் கணக்கு எழுதிய விதத்தையும் கவனியுங்கள். புதிய நிரந்தர அரங்கங்களின் கட்டுமானக் கரியை அவற்றின் நீண்ட ஆயுளுக்குப் பங்கிட்டு, போட்டி நாள்களுக்கு உண்டான துளியை மட்டும் உலகக் கோப்பையின் பேரில் எழுதினார்கள். ஆகப் பந்தலைவிடக் கல் கட்டடம் தாளில் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது! இதை வைத்துப் போட்டியே கரிச் சமநிலை (வெளியேற்றிய கரி முழுதும் ஈடுகட்டப்பட்டது) என்று விளம்பரம் செய்ததைச் சுவிட்சர்லாந்தின் விளம்பர ஒழுங்கு ஆணையம் 2023 ஜூனில் தவறு என்று சொன்னது.

ஆகவே ஓவர்லே = பந்தல் என்று எழுதுவோம். யோசித்துச் சொல்லுங்கள்.

– கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

டீச்சருக்கு வணக்கம்.

கோவையிலிருந்து எழுதுகிறேன், கட்டடப் பொறியாளர். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, பந்தல் என்றால் நிழல், கூரை. ஜெனரேட்டரும் கழிப்பறையும் எப்படிப் பந்தலாகும்? அடுத்தது, எங்கள் பக்கம் பாகல், புடலைக்குக் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துப் போடுவதும் பந்தல்தான். தோட்டக்கலைத் துறையே அதை நிரந்தரப் பந்தல் என்று சொல்லி மானியம் தருகிறது. ‘பந்தலுக்குள்ளேயே பிரிப்பு இருக்கிறது’ என்பது அங்கே நொண்டுகிறதே? மூன்றாவது, அரசு ஆவணத்தில் பந்தல் என்று எழுதினால் கல்யாண வீடு என்றல்லவா நினைப்பார்கள்?

ஒரு தகவல்: லண்டன் 2012 முதன்மை அரங்கத்தில் 80,000 இருக்கை. அதில் மேல்தட்டு 55,000-ஐயும் கழற்றிவிடும்படிதான் வடிவமைத்தார்கள். கடைசியில் ஒரு கால்பந்துக் கழகத்துக்கு ஏற்றபடி மாற்ற 30 கோடி பவுண்டுக்கு மேல் செலவு. கழற்றக்கூடியதாகக் கட்டுவது வேறு, கழற்றுவது வேறு. இந்த வித்தியாசத்துக்கும் நமக்குச் சொல் வேண்டும்.

---

ஐயா,

கல்பந்தலுக்கு என்னிடம் பதில் இல்லை, தோற்றேன். வெறும் பந்தல் போதாது.

ஜெனரேட்டருக்குப் பதில் உண்டு. கல்யாணத்துக்கு முதல் வாரம் எங்கள் தெருவில் “பந்தல் சொல்லியாச்சா?” என்று கேட்டால், கூரையை மட்டும் கேட்கவில்லை. சேர், மேசை, மைக்செட், சீரியல் விளக்கு, ஜெனரேட்டர், சாப்பாட்டுக் கூடத்துத் தண்ணீர் டிரம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரே ஆளிடம்தான் சொல்லுவோம். ஓவர்லேயும் அதேதான், பணம்தான் கூட.

கல்யாண வீடு என்று நினைப்பார்களே என்பதற்கு எனக்கு வருத்தமில்லை. எல்லை தாண்டினால் மலையாளத்திலும் பந்தல்; தெலுங்கில் பந்திரி. இந்திய ஆங்கிலமே இந்தச் சொல்லைக் கடன் வாங்கிக்கொண்டது. அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? எல்லையில் வாழ்வதில் ஒரு சங்கடமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் 2015 தேசிய விளையாட்டில் காகிதத் தட்டும் பிளாஸ்டிக் கோப்பையும் தவிர்த்து ஸ்டீல் பாத்திரம் வைத்தார்கள். அதிலிருந்து பரவியதுதான் கல்யாணம், கூட்டம் எல்லாவற்றுக்கும் வந்த ‘ஹரித சட்டம்’. மலையாளத்தில் சட்டம் என்றால் நடத்தை விதி. எங்கள் பள்ளியில் அறிவிப்புப் பலகையைத் தமிழில் எழுதிய பையன் ‘பசுமைச் சட்டம்’ என்று போட்டான். போலீஸ் வரும் என்று இரண்டு பெற்றோர் தெர்மாகோல் தட்டைத் திருப்பி எடுத்துப்போனார்கள். தவறான மொழிபெயர்ப்பு நல்லது செய்த ஒரே சம்பவம் இது.

சரி, திருத்திய பட்டியல்:

ஓவர்லே மொத்தத்துக்கும் ‘பந்தலமைப்பு’. ஈபிள் கோபுரத்தடி ஆட்டக்களம் மாதிரி, முழுதும் எடுத்துவிடும் அரங்கத்துக்குப் ‘பந்தலரங்கு’. நீங்கள் கேட்ட வித்தியாசத்துக்கு, கழற்றும்படி கட்டியது ‘பிரிதகு அரங்கு’; உண்மையில் கழற்றும் வேலை ‘பிரிப்பு’. லண்டன் மேல்தட்டு பிரிதகு, ஆனால் திட்டமிட்டபடி பிரிப்பு நடக்கவில்லை. ரியோ 2016-இல் ஹேண்ட்பால் அரங்கைக் கழற்றி நான்கு பள்ளிக்கூடம் கட்டுவோம் என்றார்கள். போட்டி முடிந்து பல வருஷம் அது நின்ற இடத்திலேயே நின்றது, அப்புறம்தான் பிரித்தார்கள். அதுவரை அதுவும் வெறும் பிரிதகு வகைதான். ‘பிரிதகு’ கொஞ்சம் புலவர் வாடை அடிக்கிறது, தெரியும். பேச்சில் ‘பிரிக்கிற அரங்கு’ என்று சொல்லிக்கொள்ளட்டும்.

இன்னொரு வேண்டுகோள். கையேட்டின் இறுதியில் இருக்கும் அட்டவணையில் ஓவர்லே வரிக்கு நேராக அளவு, விலை, கரி என்று மூன்று கட்டம் இருக்கிறது. நாலாவதாகப் ‘பிரிப்பு நாள்’ என்று ஒரு கட்டம் சேர்க்கலாமா? மூலத்தில் இல்லை என்று ஒருங்கிணைப்பாளர் அக்கா திட்டுவார். அடிக்குறிப்பாகவாவது போடலாம். பிரித்த சாமான் எங்கே போகிறது, எத்தனை தொலைவு என்பதும் அதில் வரட்டும். 974 கன்டெய்னரை இன்னொரு கண்டத்துக்குக் கப்பலேற்றினால் மிச்சம் பிடித்த கரி வழியிலேயே தீர்ந்துவிடலாம். பந்தல்காரர் லாரி எங்கள் ஊரிலிருந்து பக்கத்துச் சித்தூர் வரைக்கும்தான் போகும்.

அடுத்த சொல் ‘லெகசி’, போட்டி முடிந்தபின் ஊருக்கு மிஞ்சுவது. அதற்கு ‘எச்சம்’ என்று யாரோ போட்டிருக்கிறார்கள். திருக்குறளில் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் மைதானத்தில் ஓர் ஆலமரம், அதில் நூறு காக்கை. அதைப் பற்றித் தனி இழையில் பேசுவோம்.