தாங்காவில் தேனீ கொட்டியது யாரை?

பொருநைக்கரையான்:
முதல் உலகப்போரில், 1914 நவம்பரில், ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியா) தாங்கா துறைமுகத்தைப் பிடிக்க ஆங்கிலேயர் அனுப்பிய இந்தியப் படையில் தேனீக்கு அஞ்சி ஓடியவர்கள்தாம் நம் பாளையங்கோட்டைச் சிப்பாய்கள் என்று நேற்று ஒருவர் இங்கே சிரிப்புக்குறியோடு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். தேனீக்கூட்டம் கலைத்தது 98-ஆம் காலாட்படையை. பாளையங்கோட்டை இலகு காலாட்படையோ 63-ஆவது. எண்ணைக்கூடப் படிக்காமல் வரலாறு எழுத வந்தால் இப்படித்தான் முடியும்.

கோட்டைவாசல்:
அந்த ஒருவர் அடியேன்தான். பெயர் சொல்லியே திட்டலாம். 63-ஆவது படையும் அன்று சிதறி ஓடியது என்பதைத் தாங்கள் மறுக்கவில்லையே? தேனீக்கு ஓடவில்லை, இயந்திரத் துப்பாக்கிக்கு ஓடினார்கள் என்று திருத்துவதால் என்ன பெருமை வந்துவிடப் போகிறது? நான் 17 ஆண்டுகள் சீருடை அணிந்தவன். களத்தை விட்டு ஓடியவனை ஓடியவன் என்றுதான் சொல்வோம்.

பொருநைக்கரையான்:
சீருடையைக் காட்டி வாதத்தை மூடும் வழக்கம் தங்களுக்குப் புதிதன்று. வேலூர்ப் புரட்சியை 1857-க்குப் பிந்தையது என்று எழுதிவிட்டு, 1806 என்று நான் சுட்டிய பிறகும் திருத்தாதவர் தாங்கள். போகட்டும். அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து புறப்பட்ட கப்பல்களின் நெரிசலில் இரண்டு வாரத்துக்கு மேல் வாந்தியும் புழுக்கமுமாகக் கிடந்து, புறப்படும் தறுவாயில் கையில் திணிக்கப்பட்ட புதிய துப்பாக்கியைச் சரியாகச் சுட்டுப் பழகக்கூட நேரமில்லாமல், கரையேறிய கையோடு புதருக்குள் அனுப்பப்பட்டவனுக்கு மாதச் சம்பளம் 11 ரூபாய். ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் தளபதி முன்கூட்டியே கரைக்குப் போய் எச்சரிக்கை விடுத்ததால், ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக் உள்நாட்டு ஊரான மோஷியிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து குவிக்க அவகாசம் கிடைத்தது. சுமார் 8,000 பேரை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 1,000 பேரிடம் தோற்றவர் ஆங்கிலேயத் தளபதி எய்ட்கன். ஏச்சு வாங்குவது மட்டும் சிப்பாயா? எப்படியிருந்தாலும் தேனீ 98-க்குத்தான்.

உப்பளத்தி:
இருவருக்கும் வணக்கம். நடுவில் ஒரு கேள்வி. செத்தவர்களைப் பற்றி யாராவது பேசப்போகிறீர்களா? அங்கே ரப்பர்த் தோட்டமும் கற்றாழைத் தோட்டமும் இருந்தன. நம்மூர் ரயில்பாதை ஓரத்தில் முள்நுனியோடு நிற்கிறதே, அதே இனம். அதற்குள் ஓடினாலும் விழுந்தாலும் உடம்பு கிழியும். கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் காணாமற்போனோருமாக 800-க்கு மேல் இழப்பு. ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் இறந்த இந்தியர் பலருக்கு வெள்ளையருக்குச் செய்ததுபோல் பெயர் பொறிக்கவில்லை என்று காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையமே 2021-இல் ஒப்புக்கொண்டது. ஊரில் அவன் வீட்டுக்கு என்ன செய்தி போயிருக்கும் என்பதுதான் எனக்குக் கேள்வி.

கோட்டைவாசல்:
அம்மா, உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் இழையின் தலைப்பு தேனீ. அன்று களத்திலேயே இருந்த ஆங்கிலேய உளவு அதிகாரி மைனர்ட்ஸ்ஹாகன் தம் நாட்குறிப்பில் இந்தியப் படைகளை எவ்வளவு இழிவாக எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். கண்ணால் கண்ட சாட்சி அது.

பொருநைக்கரையான்:
வந்தாரய்யா சாட்சி! அருங்காட்சியகத்துப் பறவைத் தோல்களைத் திருடி, வேறோர் இடத்தில் தாமே பிடித்ததாகச் சீட்டு எழுதி ஒட்டிய பேர்வழி அவர். நாட்குறிப்பையும் பிற்காலத்தில் மாற்றி எழுதினார் என்ற ஐயம் ஆய்வாளர்களுக்கு உண்டு. சென்னைப் படையினர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்று, இந்தியப் படைத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் பிரபு பரப்பிய, சில இனத்தாரே போருக்குப் பிறந்தவர்கள் என்னும் ‘வீர இனம்’ கதையின் வால் அது. அந்த வாலைப் பிடித்துக்கொண்டு நம்மவர் ஒருவரே தொங்குவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வழிப்போக்கன்:
பாளையங்கோட்டையா, பாளையக்கோட்டையா? ஆங்கிலேயன் ‘பாலம்கோட்டா’ என்றல்லவா எழுதினான்?

பொருநைக்கரையான்:
எந்தக் கோட்டையானாலும் எண் 63.

கோட்டைவாசல்:
சரி, தேனீ 98-ஐயே கொட்டியதாக வைத்துக்கொள்வோம். அதே தேனீ ஜெர்மானியரையும் கொட்டியது. அவர்கள் நின்றார்கள் அல்லவா?

பொருநைக்கரையான்:
‘வைத்துக்கொள்வோம்’ என்ன, அதுதான் உண்மை. ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிகள் சிலவும் தேனீயால் செயலிழந்தன என்று லெட்டோ-ஃபோர்பெக்கே எழுதியிருக்கிறார். ஜெர்மானியர் தேனீயைப் பழக்கி ஏவினார்கள் என்று தோற்ற ஆங்கிலேயர் புலம்பியதைக் கிண்டல் செய்த இடம் அது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்களைக் கரையிலேயே போட்டுவிட்டு நவம்பர் 5-இல் எல்லோரும் கப்பலேறினார்களே, அந்த ஆணையும் பாளையங்கோட்டைச் சிப்பாய் இட்டதுதானோ?

உப்பளத்தி:
கப்பலேறாமல் அங்கேயே கிடந்தவனைப் பற்றித்தான் நான் கேட்டேன்.

கோட்டைவாசல்:
ஆணை யாருடையது என்பது தனி விவாதம். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன். 63 ஓடவில்லை என்பதற்கு ஒரு சான்றும் இதுவரை வரவில்லை என்பதை மட்டும் நிர்வாகி குறித்துக்கொள்ள வேண்டும்.

பொருநைக்கரையான்:
நான் ஓடவில்லை என்று எங்கே சொன்னேன்? தேனீக்கு ஓடவில்லை என்றேன். முதல் பதிவிலிருந்து மறுபடியும் படியுங்கள்.