புதுப்பிப்பு: டிவிடி டிரைவ் திரும்பி வந்துவிட்டது

விண்டோஸ் 7-இலிருந்து 10-க்கு மாறியதும் டிவிடி டிரைவ் காணாமல் போனது, கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும், டிரைவரை ஏற்ற முடியவில்லை என்று சொல்லும் ‘கோட் 39’ பிழையும் தெரிந்தன என்று எழுதியிருந்தேன். கேபிளை மாற்றச் சொன்னவர்களுக்கும், டிரைவரை (கருவியை இயக்கும் மென்பொருளை) நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யச் சொன்னவர்களுக்கும் நன்றி. இரண்டும் பலிக்கவில்லை. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை மென்பொருளில்) டிரைவ் ஒழுங்காகத் தெரிந்ததால் வன்பொருள்மீது எனக்குச் சந்தேகமும் இல்லை.

யூஎஸ்பியில் செருகிய வேறொரு டிவிடி டிரைவும் அதே பிழையைக் காட்டியபோதுதான் துப்பு கிடைத்தது. கோளாறு ஒரு கருவியில் இல்லை, அந்த வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது! பழைய டிஸ்க் பதிவு மென்பொருள் ஒன்று தன் ஃபில்டர் டிரைவரை (முதன்மை டிரைவரோடு சேர்ந்து இயங்கும் துணை டிரைவரை) அங்கே பதிந்து வைத்திருந்தது. புதிய விண்டோஸால் அதை ஏற்ற முடியவில்லை. அது ஏறாததால் டிரைவும் இயங்கவில்லை.

அந்தப் பொதுவான இடம் விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் கன்ட்ரோல், அதற்குள் கிளாஸ், அதற்குள் 4டி36இ965 என்று தொடங்கும் கோப்புறை. அதை முதலில் எக்ஸ்போர்ட் செய்து சேமித்தேன். பிறகு வலப்பக்கம் இருந்த அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரு மதிப்புகளை மட்டும் நீக்கி மறுதொடக்கம் செய்தேன். டிரைவ் உடனே வந்துவிட்டது.

தயவுசெய்து கோப்புறை எண்ணை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அருகிலேயே 4டி36இ96பி இருக்கிறது, அது விசைப்பலகைக்கானது. அங்கே அப்பர்ஃபில்டர்ஸை நீக்கினால் விசைப்பலகையே செயலிழந்துவிடும். பழைய டிஸ்க் பதிவு மென்பொருள் இனி ஓடாமல் போகலாம். எனக்கு அது தேவையில்லை, நீக்கிவிட்டேன்.