ஆமிஷ் பாணி மாட்டுக் கொத்துக்கறி: ஒரு பவுண்டு ஐந்து பேருக்குப் போதுமா?

பென்சில்வேனியா வாசி:
அனைவருக்கும் வணக்கம். லான்காஸ்டர் கவுண்டியில் ஓர் உணவகத்தில், மாட்டுக் கொத்துக்கறியைத் துண்டுகளாக்கி வறுத்து, கெட்டியான கிரேவியில் வேகவைத்துப் பரிமாறினார்கள். எளிய, பழைய முறை வாழ்க்கையைப் பின்பற்றும் ஆமிஷ் என்னும் கிறித்தவச் சமூகத்தாரின் வீடுகளில் செய்யும் 'புவர் மேன்ஸ் ஸ்டேக்' (ஏழையின் ஸ்டேக்) இதுதான் என்றார்கள். இதை வீட்டில் ஒரு பவுண்டு இறைச்சியில் ஐந்து பேருக்குச் செய்ய முடியுமா? டப்பாவில் வரும் காளான் சூப் இல்லாமல் கிரேவி செய்யலாமா? விலை குறைவான, கொழுப்பு மிகுந்த இறைச்சி இதற்கு ஏற்றதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

ஒகையோ அடுப்படி:
தாராளமாகச் செய்யலாம். இறைச்சியோடு உப்பு பிஸ்கட் தூளையும் பாலையும் சேர்த்து அளவைப் பெருக்குவதே இந்த உணவின் சிக்கனம். ஒரு பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 450 கிராமுக்கு, சால்டீன் கிராக்கர் எனப்படும் அந்த உப்பு பிஸ்கட்டின் தூள் அரை கப், அரை கப் பால், பொடியாக நறுக்கிய சிறிய வெங்காயம், மிளகுத்தூள் ஆகியவை போதும். கிராக்கரிலேயே உப்பு இருப்பதால் தனி உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். கலவையைத் தட்டில் முக்கால் அங்குலக் கனத்தில் அழுத்திப் பரப்பி, மூடி, இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, வாணலியில் துண்டுகள் உதிர்கின்றன என்று வருந்துகிறார்கள். தூள் பாலை உறிஞ்சிக் கலவை இறுகினால்தான் கத்தியால் வெட்ட வரும். மறுநாள் துண்டுகளை மைதாவில் புரட்டி, இரும்பு வாணலியில் இருபுறமும் நன்றாகப் பழுப்பேறும்வரை வறுத்து, ஓவன் பாத்திரத்தில் அடுக்கி, கிரேவியை ஊற்றி மூடி, 350 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

நூற்றுக்கு எண்பது பங்கு இறைச்சியும் இருபது பங்கு கொழுப்பும் உள்ள வகையையே வாங்குங்கள். கொழுப்பு குறைந்த வகைக்குக் கூடுதல் விலை கொடுத்தும், துண்டுகள் வறண்டுதான் போகும்.

பழைய சமையல்காரர்:
டப்பா சூப் இதற்குக் கட்டாயமே இல்லை. கேம்பெல் நிறுவனத்தின் காளான் சூப் விற்பனைக்கு வந்தது 1934இல்தான். மாவும் பாலும் கொழுப்பும் சேர்ந்த கிரேவி அதற்கு மிகவும் முந்தையது. இறைச்சி வறுத்த வாணலியில் மூன்று மேசைக்கரண்டி கொழுப்பை விட்டுவைத்து, அதே அளவு மைதாவைத் தூவி, பச்சை வாடை போய் இளம்பழுப்பாகும்வரை வறுத்து, ஒன்றரை கப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக்கொண்டே கிளறினால் கட்டி தட்டாது. வாணலியின் அடியில் ஒட்டியிருக்கும் பழுப்பைச் சுரண்டிவிட மறக்காதீர்கள், ஏனெனில் கிரேவியின் சுவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஓவனில் மேலும் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே ஊற்றுங்கள். நம் கை மசாலா டப்பாவுக்குத்தான் போகும். முதல் முறையாவது மிளகோடு நிறுத்திக்கொண்டு பாருங்கள்.

நியூ ஜெர்சி அம்மா:
மேலே சொன்னவை சரியே. ஆனால் வேலை நாளில் இரவு முழுவதும் குளிரவைப்பதும் ஒரு மணி நேரம் ஓவனை எரிப்பதும் எனக்குச் சிக்கனமாகத் தோன்றவில்லை. கொத்துக்கறியை உதிரியாக வெங்காயத்தோடு வறுத்து, அதன்மேலேயே மைதாவைத் தூவிப் பாலை ஊற்றும் 'ஹாம்பர்கர் கிரேவி' அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உருளைக்கிழங்கு மசியலின் மேலோ முட்டை நூடுல்ஸின் மேலோ ஊற்றினால் ஐந்து பேருக்கும் நிறைவாக இருக்கும். சோற்றுக்கு என்றால் இன்னும் அரை கப் பால் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள்.

பென்சில்வேனியா வாசி:
மூவருக்கும் நன்றி. விருந்தினர் வரும் ஞாயிறன்று ஸ்டேக்கும், வார நாளில் உதிரிக் கிரேவியும் செய்யவிருக்கிறேன். ஸ்டேக் துண்டுகளை முன்கூட்டியே செய்து உறையவைக்கலாமா?

ஒகையோ அடுப்படி:
வெட்டிய துண்டுகளைப் பச்சையாகவே, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து உறையவையுங்கள். அரைகுறையாக வறுத்து எடுத்துவைப்பது பாதுகாப்பானதன்று. கொத்துக்கறியின் உட்பகுதி 160 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 71 டிகிரி செல்சியஸை, எட்டவேண்டும்; வெப்பமானியால் பார்த்துக்கொள்ளுங்கள். பால் கிரேவி உறைந்து உருகும்போது திரிந்ததுபோல் பிரியக்கூடும் என்பதால், அதைச் சமைக்கும் நாளிலேயே செய்துகொள்ளுங்கள்.